அட்டை

அந்தச் சொல்லைப் பதினேழு வருடமாக
வாயில் எடுத்ததில்லை.
அடையாள அட்டை கேட்கிற இடத்தில்
ஐ.சி. என்பேன்.
தாய்மாரிடம்
"கார்டக் கொண்டாங்க" என்பேன்.
கொப்பியின் மேற்புறத்துக்குக்கூட
என் வீட்டில் மட்டை என்றுதான் பெயர்.

தோட்டத்தில் நான் மிட்வைஃப் மிஸ்ஸி.
நச்சுக்கொடி வழுக்கும் கையோடு
விடியும்வரை நின்றிருக்கிறேன்.
இரத்தம் என்னை ஒன்றும் செய்ததில்லை.
ஆனால் மேக்கணக்குக்கு ஏறும் குறுக்குப்பாதையில்
புல் நுனியில் ஒன்று
எழுந்து நின்று
காற்றை மோந்து பார்த்தால்
முழங்கால் கழன்றுவிடும்.

கூட்டங்களில் அதை உவமையாகச் சொல்வார்கள்,
கைதட்டு விழும்.
எனக்கு அது உவமை அல்ல.
ஈரமான, நடக்கிற நூல்.

வைகாசி மழை பிடித்ததிலிருந்து
மேக்கணக்குக்குப் போகவில்லை.
ரெஜிஸ்டரில் எழுதினேன்:
வீடு பூட்டியிருந்தது.
திலகேஸ்வரியின் வீட்டுக்குப் பூட்டே கிடையாது.

வியாழக்கிழமை, டிக்கோயா ஆஸ்பத்திரி,
மனநல கிளினிக் வாங்கு.
தெரிந்தவர் யாராவது கேட்டால் காட்ட
தடுப்பூசிப் பெட்டியொன்றை மடியில் வைத்திருந்தேன்.
வெறும் பெட்டி.

டாக்டர் இனோக்காவின் தமிழ்
பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும்.
"எப்ப தொடங்கினது?"
தெரியாது.
"பரவாயில்ல. தொடங்கின இடம் தெரியாமலும்
திரும்பி வரலாம்."
பயத்துக்குப் புள்ளி போடச் சொன்னார், நூறுக்கு.
ஒரு தாளில் ஏணி வரைந்தார்.

கீழ்ப்படியில் அந்தச் சொல். வெறும் சொல்.
நாற்பது. முதுகு நனைந்தது.
அடுத்த வாரம் படம், ஐம்பத்தைந்து.
அதற்கடுத்த வாரம் ஜாம் போத்தலில் ஒன்று,
வாட்டில் வேலை செய்யும் சந்திரபோஸ்
வேலியோரம் பிடித்துவந்தது.
அதற்குப் பசி என்று அவன் சொல்லியிருக்க வேண்டாம்.
எண்பது. கதவைப் பார்த்தேன்.

"போகலாம். போனா இந்த எண்பதத்தான்
வீட்டுக்குக் கொண்டு போவீங்க.
இருங்க,
எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்ப்பம்."

எண்பத்தைந்து. எண்பத்தைந்து. எண்பது.
தகரத்தில் அடித்த மழை
எப்போது விட்டதென்று தெரியாமல் விட்டிருக்குமே,
அப்படி,
முப்பத்தெட்டாவது நிமிடம் நாற்பது.
பயத்துக்கும் களைக்கும் என்று
அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு கைப்பையைத் திறக்கச் சொன்னார்.
சவர்க்காரத் துண்டு, சுண்ணாம்பு,
இரண்டு சோடி நீளக் காலுறை,
எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.
உப்புப் பொட்டலத்தைக் கேட்டபோதுதான்
சண்டை போட்டேன்.
அழுதேன் என்றும் சொல்லலாம்.

ஆடிக் கடைசி. சாரல்.
உப்பில்லாத பையோடு மேக்கணக்குக்கு ஏறினேன்.
பாதி வழியில் கணுக்காலைப் பார்த்தால்
ஏற்கெனவே ஒட்டியிருந்தது.
கடித்தது தெரியவில்லை.
வலிக்காமல் கடிப்பதுதான்
அதனிடம் எனக்குப் பொறுக்காதது.
கல்லில் உட்கார்ந்தேன். தொண்ணூறு.
கீழே கொழுந்து லொறி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.
எண்பது.
யாரோ நாயைக் கூப்பிட்டார்கள்.
எழுபது இருக்கும்,
அது குடித்துக் குண்டாகி
தானாகக் கழன்று
என்னோடு ஒரு வழக்கும் இல்லாததுபோல்
புல்லுக்குள் போனது.

குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
மழை நாளில் இன்னும் அறுபது.
இரவில் செருப்பை இரண்டு தரம் தட்டுகிறேன்.

அன்று திலகேஸ்வரி பிள்ளையோடு வாசலில் நின்றாள்.
ஏன் வரல என்று கேட்கவில்லை.
வளையில் தராசை மாட்டினேன்.
மூன்று மாதத்துக்கு நாலு கிலோ நானூறு.
காணாது.
முள்ளை இன்னொரு தரம் பார்த்தேன்.
காணாது.

"அட்டய எடுங்க" என்றேன்.

அவள் பதறிக் குனிந்து
என் காலைப் பார்த்தாள்.
இரத்தம் நிற்காமல்
செருப்பு வார் வரை இறங்கியிருந்தது.

"அந்த அட்ட இல்ல.
பிள்ளையோட அட்ட."