எலும்பு தெரியும் வண்டி

சாவியைத் திருப்பினால் முதலில்
எதிர்வீட்டு துவிலியோவின் நாய் விழித்துக்கொள்ளும்.
ஆறே கால்.
மூன்று சிலிண்டரும் தொண்டையைச் செருமி
ஒரு சுருதிக்கு வரும்வரை
கையுறையை மாட்டிக்கொண்டு நிற்பேன்.
"நகத்தால் கிள்ளுகிற வேலைக்குக்
கோடரியா, நீவெஸ்?"
வாரம் ஒருமுறையாவது ஜன்னலில் இருந்து கேட்பார்.
ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர்.
பெரும்பாலும் இறக்கம்.
பதில் இன்னும் கிடைக்கவில்லை எனக்கு.

நூற்றுப் பதினைந்து குதிரைகள்.
செவ்வாய்க்கிழமைக்கு இருபது போதும்.
மீதி தொண்ணூற்றைந்தும்
என் முழங்கால்களுக்கு நடுவே
தூங்காமல் நிற்கின்றன.
சிக்னலில் இடது தொடையைச் சுடுவது
அவற்றின் மூச்சுதான்.
ஜூலையில் பொறுக்காது.
ஜனவரியில் அதற்காகவே
சிவப்பு விழ வேண்டிக்கொள்வேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன்.
பின்னிருக்கை ஒரு ரொட்டித் துண்டு அகலம்.
ஒரே முறை ஏறிய என் தங்கை ஒர்னெல்லா
இறங்கியதும் வாய் திறக்காமல்
பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.
மழைநாளில் பின்சக்கரம்
முதுகெலும்பு நெடுகச் சேற்றில் கோடு இழுக்கும்.
எண்பதைத் தாண்டினால் கண்ணாடிகள் நடுங்கி
பின்னால் வருவது போலீஸா பால் வண்டியா
என்று சொல்ல மறுக்கும்.

ஆனால் கொம்மெர்ச்சாலே தெரு இறக்கத்தில்,
மூன்றாவது வளைவில்,
கண் போன இடத்துக்கு வண்டி போய்விடுகிறது.
திருப்பினேன் என்று சத்தியம் செய்ய முடியாது.
நினைத்தேன், அவ்வளவுதான்.
இரண்டு விரலுக்கு அடங்கும் கிளட்ச்,
நடக்கிற வேகத்திலும் முக்காத முதல் கியர்.
குப்பை லாரிக்கும் நிறுத்திய கார்களுக்கும் இடையில்
ஊசியில் நூல் நுழைகிற மாதிரி நுழைந்து வெளியே வந்தால்
கீழே திரியெஸ்தே, அதற்கும் கீழே
ஈயத்தகடாகக் கடல்.

பகலெல்லாம் எலும்புகளைப் படம் எடுப்பவள் நான்.
"மூச்சை இழுங்கள். அசையாதீர்கள்."
காரை எலும்பு முறிந்து வருகிறவர்களில் பாதிப் பேர்
நல்ல கையில் ஹெல்மெட் வைத்திருப்பார்கள்.
என் ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.
அதை அவர்கள் பார்க்காதபடி
கதவைத் திறந்தே வைப்பேன்.
கடையில் இந்த வண்டி எனக்குப் பிடித்ததும்
இந்தத் தொழிலால்தான் என்று நினைக்கிறேன்.
சட்டகம், குழாய்கள், போல்ட்டுகள்,
எதையும் போர்த்தாமல் நின்றது.
இதற்குப் படம் எடுக்கத் தேவையில்லை.

போர்வை அதற்கு இல்லையென்றால்
எனக்கும் இல்லை என்பதை
விற்றவர் சொல்லவில்லை.

பிப்ரவரியில் போரா வந்தது.
வாடை என்றால் போதாது, வாடை வீசும்;
இது தோளைப் பிடித்துத் தள்ளும்.
கடலோரச் சாலையில் ஸ்கூட்டர்கள்
சீட்டுக்கட்டாய்ச் சரிந்து கிடந்தன.
வலப்பக்கம் சாய்ந்தபடி நேராகப் போய்க்கொண்டிருந்தேன்.
ஒரு பெரிய கட்டடத்தின் மறைவில்
சட்டென்று காற்று இல்லை.
சாய்ந்த உடம்புக்குத் தாங்க எதுவும் இல்லை.
இரண்டு விநாடி.
நூற்றுப் பதினைந்தில் ஒன்றுகூட உதவவில்லை.

எப்படி நிமிர்ந்தேன் என்று கேட்காதீர்கள்.
சுவரோடு ஒட்டி நிறுத்தி
அதன் மேல் சாய்ந்துகொண்டேன்,
அல்லது அது என் மேல்.
இஞ்சின் சூடு ஜாக்கெட் வழியாக வயிற்றுக்கு ஏறியது.
எதிரே காபிக்கடைப் பெண்
கதவை இடுப்பால் நெட்டித் திறந்து வந்து
சின்னக் கண்ணாடித் தம்ளரை நீட்டினாள்.
காசு வாங்கவில்லை.
"எவ்வளவு வேகம் போகும்?"
"இருநூற்று இருபது."
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பைக் காற்று துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று பஸ்ஸில் மேலேறினேன்.
ஜன்னலில் துவிலியோ, ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஆறே காலுக்கு
எந்தச் சத்தமும் இல்லாமலே
அவர் நாய் குரைத்தது.