பிடி

துகும் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் தொடங்கியது:
எரிவாயு அடுப்பை யார் வீட்டிலேயே விட்டது என்று.

அதன்பின் இருநூறு கிலோமீட்டர்
அம்மாவும் அப்பாவும் தம்பி வழியாகத்தான் பேசினார்கள்.
"ஹிலால், உன் அப்பாவிடம் கேள், கண்ணாடியை ஏற்றலாமா."
"ஹிலால், உன் அம்மாவிடம் சொல், ஏற்றித்தான் இருக்கிறது."
அவனுக்கு ஆறு வயது.
தபால்காரன் வேலையில் முதலில் பெருமையாக இருந்தான்,
பிறகு சம்பளம் கேட்டான்.
அம்மா ஒரு பேரீச்சம்பழம் தந்தாள்.
அப்பா அதைவிடப் பெரிதாக ஒன்று.

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததில் நான்கு ஒட்டகங்கள்.
தார்ச்சாலை ஓரிடத்தில்
போதும் என்று நின்றுவிட்டது.
அப்பா இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்தார்,
உஸ்ஸென்று நான்கு முறை.
வண்டிக்குள் அடைத்துக்கிடந்ததும்
கொஞ்சம் அதோடு போயிருக்கும் என்று நினைத்தேன்.
போகவில்லை.

கரையெங்கும் கறுப்புப் பாறை,
யாரோ கோபத்தில் எறிந்துவிட்டுப்
பொறுக்காமல் போனதுபோல.
துருப்பிடித்த கப்பலொன்று பாதி மணலுக்குள்.
உப்பங்கழியில் நாரைகள், ஒற்றைக் காலில்,
ஒன்றையொன்று பார்க்காமல்.

உடைந்த மீன்பெட்டிகளை அப்பா மிதித்து ஒடித்தார்,
அம்மா ஊதினாள்.
புகை மட்டும் இருவரிடமும் மாறிமாறிப் போய்வந்தது.
சோறு அரைவேக்காடு, மீன் ஒருபக்கம் கரி.
"உன் அப்பாவிடம் கேள், உப்புப் போதுமா."
ஹிலால் தூங்கிவிட்டிருந்தான்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் வாய்நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டேன்.

இரவு இரண்டு மணிக்கு வந்தது
பாலைப் பக்கமிருந்து கடலுக்குப் போகிற காற்று.
வழியில் நாங்கள் இருப்பது அதற்குத் தெரியாது.
முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன,
ஆடும் பல்லைப் போல, வலியில்லாமல்.
கூடாரம் எங்களை உள்ளே வைத்துக்கொண்டே
எழுந்து நின்றது.

"பிடி!"

அதில் ஹிலால் இல்லை. 'உன் அப்பாவிடம்' இல்லை.
இருட்டில் ஓர் ஆளிடமிருந்து ஓர் ஆளுக்கு, நேராக.
"கல்ஃபான், அந்தக் கம்பி!"
"ஸுவைனா, விட்டுவிடு, துணி போனால் போகட்டும்,
பிள்ளைகளைப் பிடி!"
ஒரு மூலையில் நான் குப்புற விழுந்து கிடந்தேன்.
அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதை
அன்றுதான் இவ்வளவு பக்கத்தில் கேட்டேன்.

துணி போயே போனது.
மீதி இரவு வண்டிக்குள், கண்ணாடிகளை ஏற்றி.
அப்பா மடியில் அம்மாவின் கால்,
அம்மா மடியில் தண்ணீர்க் குடுவை, என் தலை, டார்ச்.
எல்லோர் பல்லிலும் மணல்.
முதலில் 'பிடி' என்றது யார்?
இன்றுவரை இருவரும் தான் இல்லை என்கிறார்கள்.
எனக்கும் குரல் அடையாளம் தெரியவில்லை,
காற்று அப்படி.

பத்து மணிக்குப் பார்த்தோம்:
மீனவர் முசல்லத்தின் குடிசைப் பக்கம்
காயும் சுறாத்துண்டுகளுக்கு மேலே
எங்கள் ஆரஞ்சுநிறக் கூடாரம், விறைப்பாக, ஒரு சுருக்கமில்லாமல்.
விடியற்காலை வலையில் ஏறியதாம்.
வலையில் ஏறினால் மீன்தானே என்றாராம்.

கேட்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார்.
"நம்மைவிட நன்றாகக் கட்டியிருக்கிறார்" என்றார்.
நேராக அம்மாவிடம்.
அம்மா சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறியது.

திரும்பும் வழியில், தார்ச்சாலை தொடங்கும் இடத்தில்
டயர்களுக்குக் காற்றடித்தோம்.
வேலை போய்விட்டதென்று
ஹிலாலுக்கு யாரும் சொல்லவில்லை.
இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே
முகத்தை நீட்டிக்கொண்டு
உட்கார்ந்திருந்தான் வெகுதூரம்,
உள்ளங்கையை விரித்தபடி.