கூரையில் ஒரு கோடு

சாவோ பாவ்லோவில் ஞாயிற்றுக்கிழமை.
ஆறு வீடுகள், ஒரு பேருந்து, முப்பத்தொரு பேர்.
ஆளுக்கொரு ஜோடி நீலப் பிளாஸ்டிக் உறை,
அறுவை அரங்கில் காலில் மாட்டுவார்களே, அது.
வழிகாட்டி நான். பதினோரு வருடமாக
மற்றவர் வீட்டுப் படுக்கையறைகளைச்
சுட்டிக்காட்டிப் பிழைக்கிறேன்.

முதல் வீடு காப்பித் தோட்ட முதலாளியுடையது.
பாவ்லிஸ்டா சாலையில் இடிபடாமல் தப்பியது.
பக்கத்தில் இடிபட்டதெல்லாம் வங்கிகளாகி
அதன் வெயிலை மறைத்து நிற்கின்றன.
பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பிரான்ஸிலிருந்து,
காசு மட்டும் இந்த மண்ணிலிருந்து.
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள்.

இரண்டாவது ஒரு வெள்ளைப் பெட்டி.
பூவேலை இல்லை, வளைவு இல்லை, திரைச்சீலைகூட இல்லை.
ஒரு சிறுமி அம்மாவின் கையை இழுத்துக் கேட்டாள்:
"இவங்க இன்னும் குடிவரலையா?"

மூன்றும் நான்கும் சீக்கிரம் முடிந்தன.
மழை வரும் மழை வரும் என்று
ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார்.

ஐந்தாவது, சுமரே மேட்டில்.
வெறும் கான்கிரீட். நான்கே தூண்கள்.
சொந்தக்காரி டோனா சுல்மீரா
நாங்கள் வருமுன் வாளிகளையெல்லாம்
குளியல் தொட்டிக்குள் ஒளித்துவிடுவாள்.
அது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

கூடத்தின் நடுவில் நிறுத்தி
அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.
விதானம் முழுக்கப் பலகைகளின் ரேகை.
ரேகைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு
லேசாகக் கோணிப் போகும் ஒரு கோடு.
"பீடபூமியின் தொடுவானம்" என்றேன்.
"வரைந்தவர் வேண்டுமென்றே விட்டுவைத்தது."
இரண்டு பேர் படமெடுத்தார்கள்.

பின்வரிசையில் யாரோ தும்மினாற்போலிருந்தது.
தும்மல் இல்லை, சிரிப்பு.
"தொடுவானம் இல்லம்மா. அது மூணாவது கோல்."

பெயர் ஜெனிவால்டோ. உறை மாட்டாத கால்கள்.
அறுபத்திரண்டில் பதினேழு வயது.
பராயீபாவிலிருந்து லாரியில் ஒன்பது நாள் வந்து
இந்தக் கூரைக்குக் கலவை சுமந்த
இருபது பேரில் ஒருவர்.

தளம் போட ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது,
இறுகியதன்மேல் ஈரம் ஒட்டாது.
அன்றைக்குப் பார்த்து அரையிறுதி.
மேஸ்திரியின் ரேடியோ சிமெண்டு மூட்டைமேல்.
முதல் இரண்டு கோலுக்குக் கத்தினார்கள், கை நிற்கவில்லை.
மூன்றாவதுக்கு எல்லோரும் இறங்கித்
தெருமுனைச் சாராயக் கடைக்குப் போய்விட்டார்கள்.

"எதிராளி ரெண்டு போட்டான் பாருங்க,
அப்பதான் ஒழுங்கா வேலை செஞ்சோம், கோபத்துல.
அந்த மூலை எவ்வளவு வழவழன்னு இருக்கு!"

சுல்மீரா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.
முப்பது வருடமாகத் தார் பூசியவள், ரப்பர் விரித்தவள்,
மூன்று பொறியாளர்களோடு வழக்காடியவள்.
"அப்போ இத்தனை நாளா ஒழுகினது நீங்கதானா?"
"நான் மட்டுமா? இருபது பேர்."

தொடக் கூடாது என்று நான் சொல்வதற்குள்
தூணில் உள்ளங்கையை வைத்துவிட்டார்.
வைத்தது என்றும் சொல்ல முடியாது.
மாட்டின் கழுத்தைத் தட்டுவார்களே, அப்படி.

மழை பிடித்துக்கொண்டது.
கோடு முதலில் கறுத்தது. பிறகு,
அந்தச் சிறுமியின் நீல உறைமேல் ஒரு சொட்டு.
சுல்மீரா உள்ளே போனாள்.
முப்பத்தொரு பேர் பார்க்க
ஒரு வாளியைக் கொண்டுவந்து
சரியாக அந்த இடத்தில் வைத்தாள்.
அவர் காலால் அதை
ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினார்.

ஆறாவது வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

அடுத்த ஞாயிறு, வேறு முப்பது பேர்.
கோட்டுக்குக் கீழே நின்று
"பீடபூமியின்" என்று ஆரம்பித்து
நடுவில் நிறுத்தினேன்.
அவ்வளவுதான்.
மீதி ஒட்டவில்லை.