பதினேழாவது ஷீட்

மேஸ்திரி தணிகாசலம் சுத்தியலோடு வந்தார்.
"ஒரு மணி நேர வேலைம்மா.
நாலு தட்டு தட்டுனா கீழ வுழுந்துடும்.
நாளைக்கே கம்பி கட்டலாம்."

நான் ஏணிக்குக் குறுக்கே நின்றேன்.

கொருக்குப்பேட்டையில் யாரும்
கூரைக்காக மேஸ்திரியோடு சண்டை போட்டதில்லை.
அதுவும்
கழற்றி எறியப்போகும் கூரைக்காக.

ஷீட் கடையில் அளவுக்கு அறுத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை.
புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும்.
அம்மா வாசலில் அவர் சட்டையை உதறுவாள்,
அந்த வெள்ளைப் புகைக்குள் கை நீட்டி நான் குதிப்பேன்.
உடைந்த துண்டால்தான் தெருவில் பாண்டிக் கட்டம் போட்டோம்.
சாக்பீஸைவிட நன்றாக எழுதும்.

முப்பது வருஷம் கழித்து ஸ்டான்லியில்
டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கேட்டார்:
"என்ன வேலை பார்த்தாரு?"
பார்த்தாரு, என்றார்.
அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் முனிரத்தினத்தைத் தேடிப் போனேன்.
அனல்மின் நிலையத்தில் பழைய குழாய்களின் உறை பிரித்தவன்.
வந்தான், தாடியை மழித்துக்கொண்டு.
முகமூடி தோலோடு ஒட்டணுமாம்,
மயிரிழை இடைவெளி இருந்தாலும் தூசிக்கு அது வாசலாம்.
அவன் மகளுக்கே அடையாளம் தெரியவில்லையாம்.
பிள்ளைகளை மீஞ்சூருக்கு, தங்கை வீட்டுக்கு அனுப்பினேன்.

சித்திரை வெயில். லாரி மூன்று நாளைக்கு ஒரு தரம்.
எட்டுக் குடம் தண்ணீரைக் கூரைக்கு எடுத்து வைத்தேன்.
"குளிக்க நமக்குச் சொட்டு இல்ல,
நீ ஓட்டுக்கு ஊத்துறியாடி ரெஜினா?"
குழாயடியில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது:
கடைசியாக வாசலில் இத்தனை குடம் வரிசையாய் வைத்தது
அப்பாவுக்கு.

துருப்பிடித்த கொக்கி போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு,
ஒரு டீ நேரம் காத்திருந்து,
நட்டைத் திருகித் திருகி,
ஒரு ஷீட்டைக்கூட உடைக்காமல்
தூங்கும் குழந்தையை மடி மாற்றுவதுபோல
ஆளும் ஆளுமாய் இறக்கினார்கள்.
ஈரம் காயுமுன்
கெட்டி பாலிதீன் இரண்டு சுற்று, மேலே டேப்.
கூட்ஸ் ரயில் போனபோது மட்டும்
வீடு நடுங்கியது, எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

துடைப்பம் தொடக்கூடாது என்றான்.
தரையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம்.
அந்தத் துணியும் பைக்குள்.
அவன் மேலே போட்டிருந்த காகிதச் சட்டையும் பைக்குள்.
அதை அவன் உதறவில்லை.
உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றினான்.
அம்மா பார்த்திருக்கணும்.

கோழிக்கூண்டுக்கு வேணும் என்று ஒருவர் கேட்டார்.
ஷீட்டுக்கு முந்நூறு தரேன் என்றார் பழைய இரும்புக்காரர்.
மாநகராட்சி வண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கக் குழிக்கு
எடைக்குப் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.
குளியலறை டைல்ஸ் காசு அதோடு போயிற்று.
மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை,
முகம் சொல்லியது.

ரசீதில் எழுத எண்ணினேன். பதினாறு.

அப்பா வாங்கிவந்தது பதினேழு.

வர்தா புயலில் சுந்தரியின் கூரை பறந்தபோது
முன்பக்கத்தில் ஒன்றைக் கழற்றி,
நானே தலையில் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அந்தத் தெரு முழுக்க என்னைப் புகழ்ந்தது.
இப்போது அது அவள் அடுப்புக்கு மேலே இருக்கிறது,
புகை படிந்து, ஓரத்தில் விரிசல்,
கேபிள் நுழைய யாரோ போட்ட ஓட்டை.

சாயங்காலம் மிச்ச டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
எல்லாம் சொன்னேன். சட்டை, புகைப்படம், குழி.
சுந்தரி குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.
பிறகு மேலே பார்த்தாள்.

"சரிக்கா. எடுத்துடலாம்.
எடுத்துட்டு?"

வானம் வெளுத்துக் கிடந்தது. மழைக்கு இன்னும் மாசம் இருக்கிறது.
விரிசல்மேல் டேப்பை ஒட்டினேன்.
கை நடுங்காமல்
மெதுவாக.