காரணம் என்ற கட்டம்

ஔலுவில் ஏப்ரல் என்றால்
பனியாகவும் முடியாத மழையாகவும் முடியாத
ஒன்று விழும்.
ரான்டா என்போம்.

சுவரெல்லாம் நீலக் கூம்பு முளைத்த அறையின் நடுவே
மரமுக்காலியில் தொர்ஸ்தி.
ஐம்பத்தெட்டு வயது, பனியள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
மணிக்குப் பன்னிரண்டு யூரோ, காப்பி தனி.

மார்பில் ஒரு பெட்டி பேசும்.
முதுகில் ஒரு பெட்டி கேட்கும்.
இடையில் உடம்பு;
உடம்பென்றால் பெரும்பாலும் தண்ணீர்,
பேச்சைக் குடித்துவிடுகிற தண்ணீர்.

வெறும் தோல்மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டிக் கிடந்த பெட்டி திக்கியது.
பிறகு பருத்தி. பிறகு
அவருடைய சாம்பல் கம்பளிச் சட்டை.
தோலுக்கும் பெட்டிக்கும் விரற்கடை விலகல்,
குரல் தெளிந்தது.
"விலகினால்தான் கேட்குமோ?" என்றார் தொர்ஸ்தி.
வீடு மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது எனக்கு.
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பதினைந்து நிமிட இடைவேளை.

அதே முக்காலி, அதே சட்டை,
பட்டைகளில் நான் பேனாவால் இட்ட அதே கோடுகள்.
திரையில் வரைபடம் சரிந்தது.
ஒன்பது டெசிபல்.
கம்பியைப் பார்த்தேன், பாட்டரியைப் பார்த்தேன்,
எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி தொடங்கினேன்.
ஒன்பது.

"வெளியே போனீர்களா?"
"இல்லையே. காப்பி இயந்திரத்தோடுதான் நின்றேன்."

உலர்ந்த துணியை அலை சட்டை செய்வதில்லை,
இல்லாததுபோலக் கடந்துவிடும்.
தோளைத் தொட்டேன்.
மேலே காய்ந்த மயிர்தான். விரலை அழுத்தினால்
உள்ளே ரான்டா உருகிக் கனத்துக் கிடந்தது.
அதோடு புகையிலை வாசம்.

அவர் கூம்புகளைப் பார்த்தபடி சொன்னார்:
"மார்யுக்காவுக்குத் தெரிய வேண்டாம்.
நெஞ்சில் இரண்டு சுருள் வைத்த அன்றைக்கே
விட்டுவிட்டதாகச் சத்தியம்."

நாளைக்கு ஒருவர் இதயத்தைக் கேட்கவென்று
நாங்கள் பழக்கிக்கொண்டிருக்கிற பெட்டி.
அது முதலில் பிடித்துக் கொடுத்தது
ஒரு சிகரெட்டை.

படிவத்தை நிரப்பினேன்.
துணி: கம்பளி.
நிலை: ஈரம்.
எடைக் கூடுதல்: நாற்பத்தொரு கிராம்.
காரணம் என்ற கட்டத்துக்கு மேலே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'வானிலை' என்று எழுதினேன்.

ரேடியேட்டர்மேல் சட்டை ஆவி விட்டது.
அது காயும்வரை இரண்டு மணி நேரம்
ஆய்வுக்கூடப் போர்வைக்குள் தொர்ஸ்தி,
சம்பளத்தோடு.