நார்த்டேல், எக்ஸ்ரே அறை இரண்டு

தாடையை உயர்த்துங்கள் என்றேன்.
சாலாச்சி கோவெண்டர், வயது முப்பத்தொன்று,
பீட்டர்மாரிட்ஸ்பர்க் செருப்புத் தொழிற்சாலை.
தோடு, கொண்டை ஊசி, தாலி
எல்லாம் வளைந்த எஃகுத் தட்டில்.
கழற்றும்போதே சொன்னாள்:
"ஒரு தரம் கழுத்த நீட்டினதுக்கே
இன்னும் வட்டி கட்டறேன்."

மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
விடலாம்.

திரையில் ஏழு வந்தது.
எல்லாருக்கும் ஏழுதான்.
போன ஜூலையில், உறைபனி இறங்கிய ஓர் இரவு
வனவிலங்குப் பண்ணை மருத்துவர் எரஸ்மஸ்
பிக்கப் வண்டியில், தார்ப்பாயில் சுற்றி
ஒட்டகச்சிவிங்கிக் கன்றின் கழுத்தைக் கொண்டுவந்தார்.
பிறந்து தலை தூக்காமலே செத்ததாம்.
மேட்ரன் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.
மூன்று படம் எடுத்துச் சேர்த்து வைத்து
விரல்விட்டு எண்ணினேன்.
ஒவ்வொரு எலும்பும் என் உள்ளங்கை நீளம்.
ஏழு.
நம்பாமல் அவரும் எண்ணினார். ஏழு.
நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்,
எட்டு மட்டும் கேட்கக் கூடாது போலிருக்கிறது.
சுண்டெலிக்கும் அதே கணக்கு.
மறுநாள் கணுக்கால் பிசகி வந்த பையன்
மேசையை மோந்து பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தான்.

சாலாச்சிக்கு ஏழாவதின் வலப்பக்கத்தில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெளிச்சம்.
கீழே முதல் விலாவைத் தேடிக் கிளம்பி
பாதி வழியில் நின்றுவிட்ட எலும்பு.
கைக்குப் போகும் ரத்தமும் நரம்பும்
அதன் முதுகில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

டாக்டர் ஸொன்டி மணிக்கட்டைப் பிடித்தார்.
தலையை வலப்பக்கம் திருப்பு, கையைத் தூக்கு, மூச்சை இழு.
இருந்தது, இருந்தது,
இல்லை.
என்னையும் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்.
கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும் ஒருத்தியின்
நாடியில் ஒன்றுமே இல்லை.

மூச்சை விட்டாள்.
"தினமும் இப்படித்தான் நிக்கறேன்.
தலைக்கு மேல ஓடுற கொக்கியில ஜோடி மாட்டணும்.
பத்து மணிக்குச் சுண்டுவிரல் செத்துப்போகும்.
நடிப்புன்னு எழுதி வெச்சிருக்கான் சூப்பர்வைசர்.
மூணு தரம்."

பிறகு திரையருகே வந்து கேட்டாள்:
"இது கூடுதலா, மிச்சமா?"

டாக்டர் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
முதலைக்குக் கழுத்து நெடுகிலும் விலா உண்டு;
செயின்ட் லூசியா சேற்றில் அது வெயில் காயும்போது
யாரும் அதற்கு வியாதி என்று பேர் வைப்பதில்லை.
குழம்பில் கோழிக் கழுத்தை உறிஞ்சினால்
ஊசிபோல நாக்கில் தட்டுமே, அதுவும் இதுதான்.
நமக்கும் கருவில் மொட்டு விடுகிறது.
ஏதோ ஒன்று, எதுவென்று எனக்குத் தெரியாது,
போதும் என்கிறது.
மொட்டு முள்ளெலும்போடு ஒட்டிக் கரைகிறது.
சிலருக்கு அந்தப் 'போதும்' காதில் விழுவதில்லை.

"பள்ளிக்கூடத்துலயே சொல்வாங்க," என்றாள்,
"எனக்கு எதுவும் காதுல விழாதுன்னு."

படம் ஒன்று கையில் வேண்டும் என்றாள்.
பிரிண்டரில் ஃபிலிம் தீர்ந்து இரண்டு வாரம்.
திரைக்கு நேராக ஃபோனைத் தூக்கினாள்,
வலக்கை நடுங்கிற்று, இடக்கைக்கு மாற்றினாள்.
கிளிக்.
எலும்புக்குக் குறுக்கே
ஜன்னல் கம்பியும் என் வழுக்கையும் சேர்ந்து விழுந்தன.
பரவாயில்லை என்றாள். ஆனால் வெட்டுவதற்கு
விரலால் இரண்டு தரம் முயன்றாள்.

போன பிறகுதான் பார்த்தேன்,
தட்டில் தாலி.
எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.
டாக்ஸி வரிசையில் நின்றிருந்தாள்.
கூப்பிட்டதும் கழுத்தைத் திருப்பவில்லை,
கதவு திறப்பதுபோல முழு உடம்போடு திரும்பி
இடக்கையை நீட்டினாள்.
வலக்கைக் கட்டைவிரல், அதற்கு ஒரு குறையும் இல்லை,
அந்த விலாவை யாருக்கோ
அனுப்பிக்கொண்டிருந்தது.