இந்த வாரம் எதுவும் இல்லை

ஹார்லன் பெண்ட் மெசெஞ்சர்.
வியாழன்தோறும். விலை ஐந்து சென்ட்.
நூலகத்தின் நிலவறையில்
ஆண்டுக்கொன்றாகத் தைத்து அடுக்கியிருக்கிறார்கள்,
தூக்கினால் கன்றுக்குட்டிக் கனம்.
நான் தேடி வந்தது ஒரே ஒரு வாரத்தை.
பழைய செய்தித்தாளுக்குள்
நேராக நடந்து போக யாரால் முடிகிறது?

1911. முதல் இதழ். பாதி ஆங்கிலம், பாதி செக்.
ஆங்கிலப் பாதியில் குதிரை விற்பனைக்கு.
செக் பாதியில்
அந்தக் குதிரையை வாங்காதீர்கள் என்று ஒரு கடிதம்.

1934. சந்தாவுக்குப் பணமில்லாதவர்கள்
கோழி கொடுத்தார்கள், சோளம் கொடுத்தார்கள்,
ஒருவர் தன் பொய்ப்பல் செட்டைக் கொடுத்தார்.
(பல் திருப்பித் தரப்பட்டது, அடுத்த வாரக் குறிப்பு.)

1949இல் எம்மெட் த்ரோஸ்தா வாங்குகிறார்
ஒழுகும் கூரையோடும் கடனோடும்.
அவருடைய முதல் தலையங்கம் முழுவதும் இவ்வளவுதான்:
"குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பெயர் வரும்.
போடாதே என்று கேட்டு வந்தால்
இரண்டு முறை வரும்."

வங்கி மேலாளர், இரண்டு முறை.
போதகரின் மைத்துனர், இரண்டு முறை.
1961 மார்ச், முதல் பக்கம், மூன்று பத்தி அகலம்:
"இவ்விதழின் வெளியீட்டாளர் எம்மெட் த்ரோஸ்தா
தீயணைப்பு நிலைய வேலியில் காரை மோதினார்.
அபராதம் ஐம்பது டாலர்."
தன்னிடம் தானே போய்க் கேட்கவில்லை போலும்,
ஒருமுறைதான் வந்திருக்கிறது.

தானியக் கிடங்கின் எடைமேடை
நூறு பவுண்டுக்கு மூன்று பவுண்டு பொய் சொல்வதை எழுதினார்.
கிடங்கு விளம்பரத்தை நிறுத்தியது.
பதினோரு வாரம் அந்த அரைப் பக்கம் வெள்ளையாகவே வந்தது,
ஓரத்தில் பொடி எழுத்தில்:
"இடம் வாடகைக்கு. அளவு சரிபார்க்கப்பட்டது."

நானும் இருக்கிறேன்.
"லெஸ்டர் ப்ரொஹாஸ்கா வீட்டில் ஆண் குழந்தை, ஏழு பவுண்டு."
அடுத்த வாரம் திருத்தம்:
"பெண். எடை சரி."

1968, அக்டோபர் 17.
போலீஸ் பத்தி.
"இந்த வாரம் எதுவும் இல்லை."

அந்த வாரம் ஞாயிறு இரவு
அப்பா பிக்கப்பை எங்கள் தெருமுனை வரைக்கும்
கொண்டுவந்துவிட்டார்.
அங்கே ஒரு தந்திக் கம்பம் இருந்தது.
பக்கத்து இருக்கையில் அம்மா.
தாடை மூன்று இடத்தில்.
நைட்டியோடு ஓடிய எனக்கு ஒன்பது வயது,
சிவப்பு விளக்கு எல்லார் வீட்டுச் சன்னலிலும் சுற்றியது.
எதுவும் இல்லை.

அம்மா போன பிறகு அவள் டிராயரில் ஒரு ரசீது:
"ஆயுள் சந்தா. செலுத்தியாயிற்று. எ.த்."
தேதி, அக்டோபர் 16.
கம்பி போட்டுக் கட்டிய வாயோடு
எதைக் கேட்டிருப்பாள்?
எழுதித்தான் காட்டியிருக்க வேண்டும்.
அந்தத் துண்டுத்தாளில் என்ன இருந்ததென்று தெரிந்தால்
இந்தப் படிகளில் நான் இறங்கியிருக்கவே மாட்டேன்.

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.
கருணை என்று சொல்லலாம்தான்,
அதற்கப்புறமும் அப்பா
பதினாறு வருஷம் அப்படியேதான் ஓட்டினார்.

த்ரோஸ்தா 1983இல் இறந்தார்.
இரங்கல் குறிப்பைத் தானே எழுதி வைத்திருந்தார்,
வயதைத் தப்பாக.
அதற்கும் ஒரு திருத்தம் வந்தது.

மெசெஞ்சர் இப்போதும் வியாழக்கிழமை வருகிறது.
பாதி ஆங்கிலம், பாதி ஸ்பானிஷ்.
மரிசோல் கின்ட்டேரோ நடத்துகிறாள்,
தொலைபேசியையும் அவளேதான் எடுக்கிறாள்.
ஒரு திருத்தம் வேண்டும் என்றேன்.
எந்த இதழ் என்று கேட்டாள்.
சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுக்கும் சத்தம்.
"பெயரில் வருவது இஸட்டா, எஸ்ஸா?"
அப்பாவின் பெயரை
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.
திரும்பப் படித்துக் காட்டினாள். சரி என்றேன்.
"ஒருமுறை போட்டால்
போதுமா?" என்றாள்.